பசித்த குழந்தைக்குப் பஸ் ஸ்டாண்டு தெரியுமா?

பிரயாணம் புறப்படுகிற கைக்குழந்தைக்காரியின் பையை என்றைக்காவது அவிழ்த்துப் பார்த்திருக்கிறீர்களா? மாற்றுத் துணி நாலைந்து இருக்கும். போர்த்த ஒரு துண்டு, திருஷ்டிக்கு மை டப்பி, ஒரு கிலுகிலுப்பை, ஆஸ்பத்திரி அட்டை எல்லாம் இருக்கும். இவற்றுக்கு நடுவே துணியில் சுற்றிப் பத்திரமாக ஒரு பால் புட்டியும் இருக்கும். "அடடா, குழந்தைக்குப் புட்டிப் பாலா?" என்று கேட்டுவிட்டால் போச்சு! "இல்லை, இல்லை! வீட்டிலே தாய்ப்பால்தான். இது வழிக்கு மட்டும்" என்று அவசரமாகப் பதில் வரும்.

இந்த "வழிக்கு மட்டும்" என்ற இரண்டு வார்த்தைகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வீட்டில் சுரக்கிற பால் வாசற்படி தாண்டியதும் வற்றிவிடுகிறதா என்ன? பால் இருக்கிறது. தாயும் கூடவேதான் இருக்கிறாள். குழந்தைக்குப் பசியும் வந்துவிட்டது. குறுக்கே நிற்பவை அக்கம் பக்கத்து ஸீட்டுகளில் இருக்கும் கண்கள்தான்.

நாஞ்சில் நாட்டுப் பெண்கள் வீட்டுக்குள் அடைந்து கிடப்பவர்கள் அல்ல. கன்யாகுமரி ஜில்லாவில் ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதே கஷ்டம். வடசேரி கனகமூலம் சந்தை, கோட்டாற்றுக் கடைத்தெரு, சுசீந்திரம் கோயில், ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரி, தக்கலை, மார்த்தாண்டம் என்று எதற்கெடுத்தாலும் பஸ் ஏறுகிறவர்கள் அவர்கள். 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனபிறகு கேட்கவே வேண்டாம். படிப்பிலும் குறைவில்லை. 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதல் ஜில்லா இதுதான். நூற்றுக்கு ஏறக்குறைய 92 பேர்.

இவ்வளவு படித்த, இவ்வளவு நடமாடுகிற பெண்தான் குழந்தை பிறந்ததும் வெளியே கிளம்ப யோசிக்கிறாள். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால், "பிள்ளை சிறிசு" என்று நின்றுவிடுகிறாள். ஆனால் அப்படி ஒரேயடியாக நின்றுவிடவும் முடியாது. பிறந்த ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினாலாவது வாரம் என்று தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்த்தான் ஆகவேண்டும். அந்த வயதில் குழந்தை ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் குடிக்கும். அதாவது இரண்டு, மூன்று மணிக்கொரு தரம். போக ஒரு மணி, அங்கே காத்திருக்க இரண்டு மணி, திரும்ப ஒரு மணி. கணக்குப் போட்டுப் பாருங்கள். பசி நிச்சயமாக வழியில்தான் வரும். பசிக்குப் பஸ் ஸ்டாண்டு தெரியாது, சந்தை தெரியாது.

பஸ்ஸில் நடப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். குழந்தை முதலில் தலையைத் திருப்பித் தேடும். பிறகு விரலைச் சப்பும். பிறகு வீறிட்டு அழும். பின் ஸீட்டுப் பாட்டி ஒருத்தி, "ஏட்டி, பிள்ளை கரையுதே, பாலைக் குடு மக்கா!" என்று அதட்டுவாள். பாட்டிக்கு அதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. பெண்ணோ சுற்றுமுற்றும் பார்க்கிறாள். எதிரே நிற்கும் கல்லூரிப் பையன், கம்பியைப் பிடித்துச் சாய்ந்திருக்கும் ஆசாமி, கண்ணாடியில் பார்க்கும் டிரைவர். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டுகிறாள், கிலுகிலுப்பையை ஆட்டுகிறாள், கடைசியில் புட்டியை எடுக்கிறாள்.

உற்றுப் பார்க்கிற கண்களைப் பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை. அவை யாருடையவை என்று அவர்களுக்கே தெரியும். முகத்தைச் சுளிக்கிற கண்களும் உண்டு. அவற்றில் பாதிக்கு மேல் பெண்களுடையவை என்பதுதான் வருத்தம். ஆனால் மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு. அது அன்பான கண்! "அய்யோ, இங்கேயா கொடுக்கிறாய்? யாராவது பார்த்தால் பால் கண் பட்டுவிடும், பிள்ளைக்கு ஆகாது" என்று மாமியாரும் நாத்தனாரும் சுற்றி நின்று முந்தானையால் திரை கட்டுவார்கள். அவர்கள் மனசில் கெடுதல் ஒன்றும் கிடையாது. இருந்தாலும் அந்தப் பெண் கற்றுக்கொள்வது என்ன? தான் செய்வது ஒளித்துச் செய்யவேண்டிய காரியம் என்பதைத்தான்.

புடவையும் சுடிதாரும்

இதில் உடைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஆண்கள் எழுதும் கட்டுரைகளில் இந்த விஷயம் வருவதே இல்லை.

பழைய நாஞ்சில் நாட்டுக் கிழவிகளுக்கு ரவிக்கைத் தொல்லையே கிடையாது. சேலை முந்தியை இழுத்து விட்டால் அதுவே கூடாரம். குழந்தை உள்ளே, ஊர் வெளியே. பிறகு ரவிக்கை வந்தது. முன்பக்கம் கொக்கி வைத்த ரவிக்கையும் புடவையும் சேர்ந்தால் இன்றைக்கும் அதைப்போல வசதி வேறில்லை. தையற்காரர் பின்பக்கம் கொக்கி வைப்பதை நாகரிகமாக்கியபோது ஆரம்பித்தது வினை. அதற்கப்புறம் சுடிதார் வந்தது. முன்னே திறப்பே இல்லாத நீளச் சட்டை. பால் கொடுக்க வேண்டுமானால் அடியிலிருந்து தூக்கவேண்டும், வயிறும் முதுகும் தெரியும். துப்பட்டாவோ மெல்லிசு, மின்விசிறிக் காற்றுக்குக் கூட நிற்காது. இரண்டு பக்கமும் மறைவாக ஜிப் வைத்த சுடிதார்களும் நைட்டிகளும் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. நல்ல யோசனை. பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வரும் பெண்ணுக்கு வளையல், புடவையோடு அப்படி ஒன்று தைத்துக் கொடுத்தால் சீமந்தப் பலகாரத்தைவிட உபயோகமாயிருக்கும்.

கனத்த துணியால் குழந்தையைத் தலையோடு மூடுகிறார்களே, அதைப் பார்த்தால் நமக்கே மூச்சு முட்டுகிறது. சித்திரை வெயிலில், நிற்கிற பஸ்ஸில், ஒரு போர்வைக்குள் உட்கார்ந்து சாப்பிட நம்மில் யார் சம்மதிப்போம்? குழந்தை துணியைத் தட்டிவிட்டு அழுதால் அது பிடிவாதம் அல்ல, புழுக்கம்.

இதே ஊரில் ஒரு பழைய வழக்கு

"நம்முடைய கலாசாரத்தில் இல்லாத வழக்கமா இது?" என்று சிலர் கேட்பார்கள். கலாசாரம் என்று வந்துவிட்டால் கன்யாகுமரி ஜில்லாவுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. அது சுவாரசியமான கதை என்று சொல்ல மாட்டோம்; ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

ஏறக்குறைய இருநூறு வருஷங்களுக்கு முன்னால் இதே கல்குளம், இரணியல் பக்கத்துச் சந்தைகளிலும் பாதைகளிலும் பெண்கள் அடிபட்டார்கள். மார்பைத் திறந்து காட்டியதற்காக என்று நினைக்கிறீர்களா? மூடியதற்காக!

அப்போது இந்தப் பூமி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. நாடார், ஈழவர் முதலிய சமூகத்துப் பெண்கள் மேல் சாதிக்காரர் எதிரில் மார்பை மூடக்கூடாது என்பது வழக்கம். அதற்குப் பெயர் மரியாதையாம்! 1810-க்குப் பிறகு ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ, கிறிஸ்தவர்களான பெண்கள் குப்பாயம் என்னும் சட்டை அணியலாம் என்று அனுமதித்தார். நாகர்கோவிலில் மிஷன் பள்ளிக்கூடம் வந்தது. மால்ட் துரையின் மனைவி பெண் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். பெண்கள் குப்பாயத்தோடு நிற்கவில்லை. அதற்கு மேல் தோள்சீலையும் போட்டுக்கொண்டார்கள். 1822-லேயே கலகம் கிளம்பியது. 1829 பிப்ரவரி 3-ம் தேதி சமஸ்தானம் ஒரு விளம்பரம் வெளியிட்டது: குப்பாயம் போடலாம், மேல் சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலை கூடாது என்று. 1858 கடைசியிலும் 1859 தொடக்கத்திலும் மறுபடி பெரிய கலகம். பெண்களின் மேல் துணியைப் பிடுங்கிக் கிழித்தார்கள், வீடுகள் எரிந்தன. சென்னை கவர்னர் டிரெவெல்யன் நெருக்கியபிறகு, 1859 ஜூலை 26-ம் தேதி உத்திரம் திருநாள் மகாராஜாவின் உத்தரவு வந்தது. நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்ளலாம். அதிலும், மேல் சாதியார் உடுத்தும் மாதிரி மட்டும் உடுத்தக்கூடாது என்று ஒரு வால்!

இந்தச் சரித்திரத்தைச் சொன்னதும் சில சகோதரிகளுக்குக் கேள்வி எழும். "மூடுவதற்காக அடிபட்ட பாட்டிகளின் ஊரில், திறப்பதைப் பற்றி எழுதுகிறீர்களே?" என்று. கேள்வி நியாயமானதுதான். கொஞ்சம் யோசிப்போம். அந்தப் பெண்கள் நாற்பது வருஷம் போராடியது ஒரு முழம் துணிக்காகவா? தன் உடம்பின்மேல் துணி எப்போது இருக்கவேண்டும், எப்போது விலகவேண்டும் என்பதைச் சந்தையில் நிற்கும் அந்நியர்கள் முடிவு செய்யக்கூடாது என்பதற்காகத்தான். சந்தைக்குப் போன அன்றைய தாய் வழியில் குழந்தை அழுதால் பால் கொடுக்காமலா இருந்திருப்பாள்? அன்றைக்கு "ஏன் மூடினாய்?" என்று கேட்ட தெரு இன்றைக்கு "ஏன் விலக்கினாய்?" என்று கேட்கிறது. கேட்பது தெருவேதான், வார்த்தைதான் மாறியிருக்கிறது.

எல்லைக்கு அப்பால் ஓர் அட்டைப்படம்

களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். அங்கே 2018 மார்ச் மாதத்தில் மாத்ருபூமிக்காரர்களின் 'கிருஹலக்ஷ்மி' என்ற பெண்கள் பத்திரிகை ஓர் அட்டைப்படம் போட்டது. நடிகை கிலு ஜோசப் கையில் குழந்தையோடு பால் கொடுக்கும் பாவனையில் இருந்தார். உற்றுப் பார்க்காதீர்கள், எங்களுக்குப் பால் கொடுக்க வேண்டும் என்ற கருத்தில் தாய்மார் கேரளத்துக்குச் சொல்வதாக ஒரு வாசகம்.

பூகம்பம்தான்! கோர்ட்டுக்குப் போனார்கள். கேரள ஹைகோர்ட் வழக்கைத் தள்ளிவிட்டது. எவ்வளவு முயன்று பார்த்தாலும் அந்தப் படத்தில் ஆபாசம் தென்படவில்லை என்பது நீதிபதிகளின் அபிப்பிராயம். ரவிவர்மாவின் ஓவியங்களைப் பார்க்கும் கண்ணால்தான் இதையும் பார்த்தோம் என்றார்கள். ரவிவர்மா திருவிதாங்கூர்க்காரர்தானே, அவர் வரைந்த தெய்வங்களைச் சட்டம் போட்டு மாட்டாத வீடு நம் பாட்டி காலத்தில் உண்டா?

பெண்கள் மத்தியிலேயே வேறொரு சண்டையும் நடந்தது. தாயல்லாத ஒரு நடிகையை நெற்றியில் குங்குமத்தோடு நிறுத்திப் படம் பிடிப்பானேன், நிஜத் தாய்மார் கிடைக்கவில்லையா என்று. இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது என்றே நமக்குத் தோன்றுகிறது. பால் கொடுக்கும் தாய் காமிராவைப் பார்ப்பதில்லை, குழந்தையைத்தான் பார்ப்பாள். ஆனாலும் ஒன்று. அந்த மாதத்தில் கேரளத்துச் சாப்பாட்டு மேஜைகளில் ஆண்களும் பெண்களுமாக இந்த விஷயத்தை வாய்விட்டுப் பேசினார்கள். நம் பக்கத்தில் அதற்கான பேச்சே எழுவதில்லை. "பால் கொடுக்க வேண்டும்" என்று தமிழில் சொல்லவே கூசி, "ஃபீட் பண்ணணும்" என்று இங்கிலீஷில் ஒளிந்துகொள்கிறோம்.

பெரியாழ்வார் ஒளிந்துகொள்ளவில்லை. கண்ணனைப் பால் குடிக்கக் கூப்பிட ஒரு பதிகமே பாடினார். நாம் கூசுகிற வார்த்தையை அவர் கூசாமல் போட்டிருக்கிறார். கோயிலில் அதைச் சேவிக்கிறவர்கள் தலை குனிவதும் இல்லை. ஆரல்வாய்மொழியைத் தாண்டி முப்பந்தலில் இருக்கும் இசக்கியம்மனைத் தெரியுமல்லவா? இந்தப் பக்கத்தில் இசக்கி என்றால் கையில் பிள்ளையோடுதான். கள்ளிக் கிளையையே குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள் என்று கதை சொல்வார்கள். ஒடித்தால் பால் வடிகிற கள்ளி! குர் ஆன் இரண்டு வருஷம் முழுசாகப் பாலூட்டுவதைப் பற்றிப் பேசுகிறது. 2017 ஜனவரியில் ரோமாபுரியில் ஸிஸ்டீன் சாப்பலில் ஞானஸ்நானம் நடந்தபோது, குழந்தைகள் அழ ஆரம்பித்ததும், போப்பாண்டவர் பிரான்ஸிஸ் தாய்மார்களைப் பார்த்து, பயப்படாமல் இங்கேயே பால் கொடுங்கள், மரியன்னை இயேசுவுக்குக் கொடுத்தது போல என்று சொன்னார். ஸிஸ்டீன் சாப்பலில் ஆகுமென்றால் கோட்டாற்றுக் கோயில் திருவிழாவில் ஆகாதா?

மாசி மாதம் மண்டைக்காட்டுக் கொடை விழாவுக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். கடற்கரை மணலில் பொங்கல் பானைகள்; சுற்றிப் பெண்கள் கூட்டம்; நடுவில் யாராவது ஒருத்தி குழந்தையை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டே அடுப்பைத் தள்ளிக்கொண்டிருப்பாள். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே பெண் மறுநாள் பஸ்ஸில் ஏறினால் புட்டியைத் தேடுகிறாள். விழாவில் இருந்த அம்மனா அவளுக்குத் தைரியம் கொடுத்தாள்? கூட வந்த பெண்களின் அலட்சியம்தான். அந்த அலட்சியத்தைப்போல மரியாதை வேறில்லை.

தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பசுவையும் கன்றையும் பற்றிப் பாடிய பாட்டைத் தமிழ்நாட்டுக் குழந்தைகள் எல்லாரும் ஒன்றாம் வகுப்பில் அபிநயம் பிடித்துப் பாடுகிறார்கள். கன்று தாய் மடியில் பால் குடிப்பதை அதில் கைதட்டி ரசிக்கிறோம். மாட்டுக்கு இருக்கிற சௌகரியம்!

டாக்டர்கள் சொல்வது

இது வெறும் வெட்க விவகாரம் என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் வெட்கத்துக்கும் பாலுக்கும் உடம்பிலேயே ஒரு முடிச்சு இருக்கிறது. குழந்தை வாய் வைத்ததும் தாயின் மூளையிலிருந்து ஆக்ஸிடோஸின் என்ற சுரப்பு கிளம்பி, தேங்கி நிற்கும் பாலை வெளியே தள்ளுகிறது. தாய் பயந்தோ கூசியோ பதறியோ இருந்தால் இந்தச் சுரப்பு தடைப்படும். மார்பில் பால் இருந்தும் இறங்காது. குழந்தை இழுத்து இழுத்துப் பார்த்து அழும். அழுகையைக் கேட்டு இன்னும் நாலு பேர் திரும்புவார்கள். தாய் இன்னும் பதறுவாள். "எனக்குப் பாலே போதவில்லை" என்று அவள் முடிவு கட்டுவது இப்படிப்பட்ட ஒரு பிரயாணத்தில்தான்.

இன்னொன்று. பால் என்பது கேட்கக் கேட்கச் சுரக்கும் சரக்கு. ஒரு வேளை குழந்தை குடிக்காவிட்டால், உடம்பு "சரி, இவ்வளவு தேவையில்லை போலிருக்கிறது" என்று கணக்கைக் குறைத்துக்கொள்ளும். தேங்கிய பால் கட்டிக்கொண்டு வலிக்கும். சிலருக்குக் காய்ச்சலும் வரும். இந்தப் பக்கம் புட்டியின் கதை தனி. காலையில் கலந்த பால் மத்தியான வெயிலில் என்ன ஆகும்? ரப்பர் காம்பு கீழே விழுந்தால் பஸ்ஸில் எங்கே வெந்நீர்? முந்தானையில் துடைத்து வாயில் வைக்கிறோம். வயிற்றுப்போக்கு வந்தால் "பல் முளைக்கிறது" என்கிறோம்.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம், அதற்குப்பின் மற்ற ஆகாரத்தோடு இரண்டு வயது வரையோ அதற்கு மேலுமோ தாய்ப்பால் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பார்த்தால் நமக்குக் கொஞ்சம் தலைகுனிவுதான். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போவதில் தமிழ்நாடு நூற்றுக்கு 99-க்கு மேல். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் பெறும் குழந்தைகளோ நூற்றுக்கு 55 பேர்தான். இந்தியா முழுவதற்கும் அந்தக் கணக்கு 64. இதற்குக் காரணங்கள் பல. வேலை ஒன்று, சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கும் பாட்டி ஒன்று. "வழிக்கு மட்டும்" வாங்கிய புட்டியும் அதில் ஒன்று. வழிக்கு வந்தது வீட்டிலும் தங்கிவிடுகிறது.

புட்டிக்குக் கெளரவம் வந்ததும் தானாக வந்ததல்ல. 1950, 60-களின் குடும்பப் பத்திரிகைகளைப் புரட்டுங்கள். கொழுகொழு என்று ஒரு குழந்தை, பக்கத்தில் ஒரு மாவு டின்! டின் பால் வாங்குகிறவள் நாகரிகமானவள், படித்தவள். மார்பில் கொடுப்பவள் பட்டிக்காட்டுக்காரி என்று சொல்லாமல் சொன்னார்கள். 1939-லேயே ஸிங்கப்பூரில் ஸிஸிலி வில்லியம்ஸ் என்ற லேடி டாக்டர் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் ரோட்டரி சங்கத்தில் பேசினார். குழந்தைக்கு ஆகாத டின் பாலைத் தாய்மாரிடம் விற்பதைப் பற்றித்தான் பேச்சு. உலக நாடுகள் விழித்துக்கொண்டு ஒரு நடத்தை விதி செய்தது 1981-ல். இந்தியாவில் 1992-ல் சட்டம் வந்தது. குழந்தைப் பால் மாவுக்கு விளம்பரம் கூடாது. விளம்பரம் போய்விட்டது, அது விதைத்த வெட்கம் போகவில்லை.

அறை வந்தது, சாவி எங்கே?

நல்ல காரியங்களும் நடந்திருக்கின்றன. 2015 ஆகஸ்டில் தாய்ப்பால் வாரத்தின்போது, ஜெயலலிதா முதல்வராக இருந்த சமயம், தமிழ்நாடு முழுவதும் 350-க்கு மேற்பட்ட பஸ் ஸ்டாண்டுகளில் பாலூட்டும் தாய்மாருக்குத் தனி அறைகள் திறக்கப்பட்டன. இந்தியாவில் இவ்வளவு பெரிய அளவில் இதைச் செய்ய முனைந்ததற்குத் தமிழ்நாட்டைப் பாராட்டத்தான் வேண்டும். பிரசவப் புண் ஆறாத தாய், பாலைப் பீய்ச்சி எடுக்க வேண்டியவள், கூட்டத்தில் கூசுகிறவள், இவர்களுக்கெல்லாம் அது வரப்பிரசாதம்.

ஆனால் அறை என்று இருந்தால் மட்டும் போதுமா? ஓர் ஊரில் நாம் போய்ப் பார்த்த அறையின் கதவில் அழகாகத் தாயும் சேயும் வரைந்திருந்தது, பூட்டும் தொங்கியது. டீக்கடைக்காரரைக் கேட்டோம். அவர் டைம்கீப்பரைக் காட்டினார். டைம்கீப்பர் துப்புரவு மேஸ்திரியைக் காட்டினார். மேஸ்திரி சாப்பிடப் போயிருந்தார். மூன்று ஆண்களிடம் போய், "பால் கொடுக்க வேண்டும், சாவி தாருங்கள்" என்று கேட்கும் தைரியம் இருக்கிறவளுக்கு அந்த அறையே தேவையில்லையே!

அதைவிடப் பெரிய சங்கடம் வேறு. "அறை இருக்கிறதே, இங்கே ஏன் கொடுக்கிறாய்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டால் வசதியாக வந்த அறை சிறையாகிவிடும். பஸ் புறப்படும் நேரம். மல்லுக்கட்டிப் பிடித்த ஸீட்டு. மடியில் குழந்தை, காலடியில் மூட்டை. அவள் இறங்கி அறையைத் தேடிப் போவாளா? நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிற பஸ்ஸில் தக்கலை தாண்டியபின் குழந்தை அழுதால் அறை எங்கே இருக்கிறது? 2018 நவம்பரில் கல்கத்தாவில் ஒரு பெரிய கடை வளாகத்தில் ஒரு தாயைக் கழிப்பறைக்குப் போய்ப் பால் கொடுக்கச் சொன்னார்கள் என்று செய்தி வந்து நாடே கோபப்பட்டது. நம்மில் யாராவது அங்கே உட்கார்ந்து இட்லி சாப்பிடுவோமா?

கோர்ட்டுகள் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கின்றன. 2021-ல் கர்நாடக ஹைகோர்ட், பாலூட்டுவது தாயின் பிரிக்க முடியாத உரிமை, அரசியல் சட்டத்தின் 21-வது ஷரத்து அதைக் காக்கிறது என்றது. 2025 பிப்ரவரி 19-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதிகள் நாகரத்னா, வராலே இருவரும், பொதுக் கட்டடங்களில் பாலூட்டும் அறைகள் அமைக்க மாகாணங்களுக்கு நினைவூட்டும்படி மத்திய சர்க்காருக்குச் சொன்னார்கள். அதோடு நிற்காமல், பொது இடத்தில் தாய் பாலூட்டுவதை இழிவாக நினைக்கக்கூடாது என்பதையும் சேர்த்தார்கள். பெண்களின் கெளரவத்துக்குக் குறைவான பழக்கங்களைக் கைவிடுவது பிரஜைகளின் கடமை என்று அரசியல் சட்டத்தில் எழுதியிருக்கிறதல்லவா, அதை எடுத்துக் காட்டினார்கள். அறையும் வேண்டும், அறைக்கு வெளியே மரியாதையும் வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

வெளி தேசங்களில் மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்டால், அங்கும் தகராறுதான். அமெரிக்காவில் பொது இடத்தில் பால் கொடுக்கலாம் என்ற சட்டம் ஐம்பது மாகாணங்களிலும் முழுமையானது 2018-ல்தான். 2017-ல் ஆஸ்திரேலியப் பார்லிமெண்டுக்குள் லாரிஸா வாட்டர்ஸ் என்ற அங்கத்தினர் பால் கொடுத்தது உலகச் செய்தியாயிற்று. முந்திரித் தொழிற்சாலையில் கொட்டை உடைக்கும் நம் விளவங்கோட்டுப் பெண்ணுக்கு அந்தப் பார்லிமெண்டு தூரம்தான். ஆனால் 1961-லேயே வந்த பிரசவ உதவிச் சட்டம் குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை வேலை நேரத்தில் இரண்டு தடவை பால் கொடுக்க இடைவேளை தரவேண்டும் என்று எழுதிவைத்தது. கேட்டு வாங்கியவர்கள் எத்தனை பேர்?

இனி, பிரயாணம் போகிற தாய்க்கு அனுபவசாலிகள் சொல்லும் சில யோசனைகள். குழந்தை வீறிடும் வரை காத்திருக்கக் கூடாது. தலையைத் திருப்பி வாயைச் சப்பும்போதே கொடுத்துவிட்டால் யாரும் கவனிப்பதற்குள் காரியம் முடியும். முன்பக்கக் கொக்கி ரவிக்கையும் பருத்திப் புடவையும் உத்தமம்; சுடிதார் என்றால் மேலே ஒரு தளர்ந்த மேல்சட்டை போட்டுக்கொள்ளலாம். ஜன்னலோர ஸீட்டு கிடைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. முதல் தடவை கூச்சமாயிருக்கும். மாமியாரையோ தோழியையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால் தாங்கும். மூன்றாம் தடவை கூச்சமே இருக்காது என்கிறார்கள்.

கூடப் பிரயாணம் செய்கிறவர்களுக்கு வேலை குறைவு. ஜன்னலோரத்தில் இருந்தால் அந்த ஸீட்டை மாற்றிக் கொடுங்கள். மூட்டையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். திரை கட்டவும் வேண்டாம், பாராட்டவும் வேண்டாம். பத்திரிகையைப் பிரித்துத் தொடர்கதையைப் படித்துக்கொண்டிருங்கள். முனிசிபாலிடி, பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இதைப் படித்தால், அவர்களிடம் ஒரு சின்ன விண்ணப்பம். அந்த அறைக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி இரண்டு, ஒரு மின்விசிறி, ஒரு குழாய், ஒரு குப்பைத் தொட்டி, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போதும். வெளிப்பக்கத்துப் பூட்டை எடுத்துவிடுங்கள்.